துண்டை ஒரு சுற்று சுற்றினால் போதும்

மரக்காணம்
11-4-2005

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் வாயாடிப் பெண்டாட்டி எழுதுவது. இங்கே நானும் அம்சவல்லியும் போன வாரம் பிறந்த உங்கள் பேத்தியும் சுகம். குழந்தைக்கு உங்கள் மூக்கு. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இத்தனை பெரிய மூக்கு என்று கேட்டேன். அதிலிருந்து மகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கொழுந்தனார் தட்சணாமூர்த்தி நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். தொண்டையில் இருக்கிற புற்றுநோய்க் கட்டியை எடுத்தால் பிழைத்துக்கொள்வீர்கள், ஆனால் குரல் போய்விடும் என்று டாக்டர் சொன்னாராம். ஊமையாகி உட்கார்ந்திருப்பதைவிட ஊருக்குப் போய்ச் செத்துக்கறேன் என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்களாம். அவர் உங்கள் செருப்பை ஒளித்துவைத்து நிறுத்தியிருக்கிறார். புத்தியுள்ள தம்பி.

ஏன் மாமா, உங்கள் குரல் என்ன, கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர் குரலா? கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் பேசியதெல்லாம் சோறு, தண்ணி, பீடி எங்கே என்பதுதான். பீடியை இனிமேல் டாக்டர் விடமாட்டார். மீதி இரண்டுக்கும் கையைக் காட்டினால் போதும்.

உப்பளத்தில் நாம் என்றைக்கு வாயால் பேசினோம்? நீங்கள் அந்தக் கோடியில் உப்பு வாருவீர்கள், நான் இந்தக் கோடியில் கூடையோடு நிற்பேன். அந்தக் காற்றில் கத்தினால் காக்காய்க்குக்கூடக் கேட்காது. தலைத்துண்டை அவிழ்த்து ஒரு சுற்று சுற்றினால் வா என்று அர்த்தம். இரண்டு சுற்றினால் கஞ்சி. தோளில் போட்டுக்கொண்டால் என் துரைக்குக் கோபம்.

கடல் ஏறி வந்த அன்றைக்கு வரப்புக்கு மண் போட்டுக்கொண்டிருந்தேன். தொண்டை கிழியக் கத்தினதாகப் பிறகு சொன்னீர்கள். சத்தியமாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லை மாமா. தூரத்தில் துண்டு விடாமல் சுற்றுவதைத்தான் பார்த்தேன். கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். இன்றைக்கு நான் உயிரோடு இருந்து உங்களைக் கிண்டல் பண்ணுகிறேன் என்றால் அது அந்தத் துண்டால்தான்.

அளத்தில் என்னோடு கூடை தூக்குகிற குப்பம்மாள், பேச்சு வராத புருஷனை வச்சிக்கினு என்னாடி பண்ணுவே என்று கேட்டாள். பேசற புருஷனை வச்சிக்கினு நீ என்னாத்தைக் கண்டே என்று நான் கேட்டேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குப் பயமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஆனால் பயந்துகொண்டே வேலை பார்க்க நமக்குத் தெரியும். சம்பந்தியம்மாள் பிரம்மதேசத்திலிருந்து வந்து மகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஆபரேஷன் முடிந்து நீங்கள் கண் விழிக்கும்போது எதிரே நான் இருப்பேன். தப்பிக்க முடியாது.

வருஷப்பிறப்புக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில் குழந்தைக்குப் பேர் வைக்கிறோம். தாத்தாதான் காதில் பேர் சொல்லவேண்டும். மாப்பிள்ளை சதீஷ் தன் செல்போனில் கொழுந்தனாருக்குப் போன் போட்டுக் குழந்தை காதில் வைப்பார். பேரை நீங்களே யோசித்து வையுங்கள், என்ன பேர் என்று இப்போதே யாரிடமும் சொல்லவேண்டாம். மூன்று தடவை அவளுக்குச் சொல்லுங்கள். குரல் கரகரவென்று இருந்தால் இருக்கட்டும், அவள் குற்றம் சொல்லமாட்டாள்.

அதற்குப் பிறகு போனை நான் வாங்கிக்கொள்வேன். இத்தனை வருஷமாக இந்தா, இந்தா என்றுதான் கூப்பிட்டீர்கள். அன்றைக்கு ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுங்கள். நான் பதில் பேசமாட்டேன், கேட்டுக்கொள்வேன். அப்புறம் கையெழுத்தைப் போடுங்கள் மாமா.

உங்கள் துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
திரௌபதி