நாற்பது பெண்களுக்கு ஒரு டோக்கன்

அபிகாயிலின் அப்பாவுக்கு, பட்டான்செருவிலிருந்து ஐவி எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அபியும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நிற்காது என்று இருபத்துநாலு வருஷமாகச் சொல்கிறீர்களே, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

பெண்களுக்கு நடக்கும் அநியாயங்களைத் துப்புத்துலக்கி எழுதும் பத்திரிகை மேற்படிப்புக்கு அபி உதவித்தொகை கேட்டிருக்கிறாள் அல்லவா? அதற்குத் தானே விசாரித்து எழுதிய செய்தி ஒன்று வேண்டுமாம். எங்கள் மாத்திரை கம்பெனியில் நாற்பது பெண்கள் கழிப்பறை போக ஒரே டோக்கன்தான் என்று நான் சொன்னதை எழுதினாள். பேப்பரிலும் வந்தது.

"பேர மறைச்சிருக்கேம்மா, மூச்சு விட்டுராதீங்க" என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பேப்பரைத் தூக்கிக் காட்டி, சொன்னது நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் என்னைப் பாட்டில் கழுவும் பக்கம் மாற்றிவிட்டார். கவலைப்படாதீர்கள், அங்கே குளுகுளுவென்று இருக்கிறது.

நேற்று அந்த உதவித்தொகைக்குப் போனில் வீடியோ இன்டர்வியூ. உன் செய்தியால் என்ன மாறியது என்று ஒரு மேடம் தெலுங்கில் கேட்டதும் பிள்ளை தடுமாறினாள். நான் பின்னாலிருந்து தலையை நீட்டி, "இப்புடு ரெண்டு டோக்கன்லு, மேடம்" என்றேன், இப்போது இரண்டு டோக்கன் என்று. மேடம் சிரித்து, போனை என் கையில் கொடுக்கச் சொல்லி என்னிடமும் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

முடிவைச் சொல்ல அபி உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதீர்கள்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றும் வையுங்கள், மேசை துடைக்க. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஷிப்ட் ஆட்டோ வந்துவிட்டது.

ஐவி

உங்கள் நம்பர் ஏன் என்றால், பேசி முடித்ததும் மேடத்துக்கு இரண்டு கையும் கூப்பி வணக்கம் சொன்னேன். கீழே ரசம் இருந்தது. போன் அதற்குள் போய்விட்டது.