பூச்சி நின்ற இடம்

இன்று காலை தம்பி பாட்டுக் கேட்பதற்காக அலமாரியிலிருந்து ஏதோ ஒரு கேசட்டை எடுத்துப் போட்டான். பாட்டு வரவில்லை. நீண்ட கீச்சு ஒன்று. பிறகு தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் இரைச்சல். "கேசட்டு கெட்டுப்போச்சுக்கா" என்று நிறுத்தப் போனான். நிறுத்தாதே என்றேன்.

அது கெட்டுப்போன கேசட் இல்லை. உன் வீடு.

கூடம், இரண்டு அறை, அடுப்படி, கொல்லை. எல்லாம் அந்த இரைச்சலுக்குள் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் நாம் இருவரும் வரைந்து, கேசட்டில் ஒலியாகச் சேர்த்து வைத்த படம். கம்ப்யூட்டர் போய்விட்டது. சத்தம் மட்டும் மிச்சம். கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டேன். இரைச்சல் அடங்கிய பிறகு ஒரு சின்ன விக்கல் வந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேன்.

நம் தெரு வீடுகளுக்கெல்லாம் பின்னால் ஒரு சந்து ஓடுகிறது. முன்தெருவில் இறங்கினால் நீ வெள்ளைத் துப்பட்டி போர்த்த வேண்டும். உன் நானா, உன் அண்ணன், துணைக்கு வர வேண்டும். சந்தில் அதெல்லாம் இல்லை. தலையில் முந்தானை, கையில் ஒட்டிய மாவு, அப்படியே வருவாய். உன் வீட்டுக் கொல்லைக் கதவைத் தாண்டியதுமே பேச ஆரம்பித்துவிடுவாய். எங்கள் கதவுக்கு வந்து சேரும்போது பேச்சு பாதியில் இருக்கும். எனக்கு எப்போதும் பாதியிலிருந்துதான் கேட்டது.

எம்.எஸ்ஸி. முடித்து நான் ஊர் திரும்பியிருந்த வருடம். வேலை இல்லை. மொட்டை மாடியில் படித்தேன். யாருக்கும் புரியாத கவிதைகள் எழுதினேன். சில எனக்கும் புரியவில்லை. உன் கணவர் துபாயிலிருந்து விடுப்பில் வந்தபோது டிவியோடு இணைக்கிற சிறிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். விளையாட்டுச் சாமான் என்று நினைத்து வாங்கியது. அவர் திரும்பிப் போனதும், நீங்கள் இலங்கை நிகழ்ச்சி பார்க்கிற டிவியின் மேல், பூப்போட்ட துணிக்கு அடியில் அது கிடந்தது.

ஒரு நாள் துணியை எடுத்தாய். "நீ காலேஜுல இதத்தானே படிச்சே?"

"ஒரே ஒரு பேப்பர்."

"ஒண்ணு போதும் புள்ள. ஒரு வீடு வரையணும்."

பெண்ணுக்கு வீடு கொடுப்பது உங்கள் வழக்கம். பழைய வீடு உன் லாத்தாவுக்கு, உன் அக்காவுக்கு. உனக்கு, அதே சந்தின் கோடியில் வாங்கிய மனையில் புது வீடு. சிங்கப்பூரில் கடை வைத்திருந்த உன் வாப்பா ஒரு எஞ்சினீயரை அமர்த்தியிருந்தார். எஞ்சினீயர் கொடுத்த நீலத்தாளை எனக்கு விரித்துக் காட்டினாய். அழகான வீடு. பின்பக்கம் முழுச்சுவர். கொல்லைக் கதவு இல்லை. இந்தக் காலத்தில் அது திருடனுக்குத்தான் உதவும் என்று எஞ்சினீயர் சொல்லியிருந்தாராம்.

"இந்த வீட்டுக்குப் போனா ஒன்னயப் பாக்க நானாவத் துணைக்குக் கூப்பிட்டுக்கிட்டு, துப்பட்டியப் போத்திக்கிட்டு, முன்தெரு சுத்தி வரணும்" என்றாய். "மொத வாரம் வருவேன். அடுத்த வாரம் நானாவுக்கு வேல இருக்கும். அப்புறம்?"



நீ ஏற்கெனவே ஒரு முறை பென்சிலால் வரைந்து பார்த்திருந்தாய். உன் நானா சிரித்துவிட்டாராம். "கோடா இது? வலிப்பு வந்த மாதிரி இருக்கு. வாப்பா பாத்தா பேத்தி கிறுக்குனதும்பாங்க." அதிலிருந்து ஒன்றைத் தெரிந்துகொண்டதாகச் சொன்னாய்: "கோடு நேரா இருந்தாத்தான் ஆம்புளைங்க நம்புவாங்க."

கம்ப்யூட்டர் நேராகக் கோடு போடும். நோன்புப் பெருநாள் கழிந்ததும் கடைக்கால் தோண்டுவதாக ஏற்பாடு. அதற்கு முன் வாப்பாவுக்குப் படம் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் நம்மிடம் இருந்த நாட்கள்.

முதல் நாள் நான் எழுதிய நிரல் பன்னிரண்டு வரி. எங்கிருந்து எங்கே என்று நான்கு எண்களைக் கேட்கும். கொடுத்தால் கோடு விழும். எனக்குப் பெருமையாக இருந்தது. நீ கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"வீடு கட்டுறமா, கணக்குப் பரீட்ச எழுதுறமா?"

மறுநாள் எண்களை எடுத்துவிட்டேன். திரையில் ஒரு கூட்டல் குறி. விசையை அழுத்தினால் நகரும்; போன வழியெல்லாம் கோடாகும். அதற்கு நீ பூச்சி என்று பெயர் வைத்தாய். கோட்டின் மேல் நின்றால் பூச்சி தெரியவில்லை. "எங்க புள்ள போச்சு பூச்சி?" அதனால் அதை மினுக்க வைத்தேன். அறைக்கு அறை போகும்போதும் கோடு கூடவே வந்தது. "ஈரப் பாவாட தரையில இழுபடுற மாதிரி இருக்கு. தூக்கிப் புடிச்சுக்கிட்டு நடக்க வழியில்லையா?" அதற்கு ஒரு விசை. விசைகளில் இருந்த ஆங்கில எழுத்துகள் உன்னைக் குழப்பின. என் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டினோம். தூக்கச் சிவப்பு, இறக்கப் பச்சை.

"ஒன் பொட்டெல்லாம் எங்க வீட்டுக்கு வந்துட்டு. உம்மா பாத்தா என்ன சொல்லும்?"

உள்ளேயிருந்து உம்மாவின் குரல். "பொட்டு கெடக்கட்டும். அந்தக் கேசட்டுல ஷைத்தான் மாதிரி என்னமோ கத்துதே, அதச் சொல்லுங்கடி மொதல்ல."

ஒரு மாலை நீ கிழக்கே போய்க்கொண்டே இருந்தாய். திரையின் விளிம்பைத் தாண்டியதும் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து எல்லாம் நின்றது. அன்றைய படம் போயிற்று. நீ கறுப்புத் திரையைப் பார்த்தாய். "கடல்ல வுழுந்துட்டேன்" என்றாய். அன்றிரவே விளிம்பில் பூச்சி நின்றுவிடும்படி செய்தேன்.

இவையெல்லாம் எனக்கு அற்பமாகத் தோன்றின. வட்டம் போடுவதையும் முக்கோணங்களைச் சுழற்றுவதையும் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உனக்கு வட்டம் தேவைப்படவில்லை. உனக்குத் தேவைப்பட்டவை வேறு.

"நாளைக்கு வந்து ஒக்காந்தா பூச்சி நான் வுட்ட எடத்துலயே இருக்கணும்."

"ஏன்? மூலையிலேருந்து நகத்திக்கிட்டு வரலாமே."

"நீ மாடியில ஒக்காந்து எழுதுறவ. நான் அப்புடியா? பால் பொங்கும். பாங்கு சொல்லுவாங்க. ஒரே மூச்சுல நான் எதச் செஞ்சிருக்கேன், இதச் செய்ய?"

படத்தைக் கேசட்டில் பதித்து முடித்ததும், பூச்சி நிற்கும் இடத்தின் இரண்டு எண்களையும் வாலில் சேர்த்தேன். அந்த விக்கல் அதுதான்.

அப்புறம் அழிப்பது. நான் வைத்திருந்த அழிப்பான் பெரியது. தொட்டால் ஒரு மூலையே காணாமல் போகும். நீ அதைச் சின்னதாக்கு, சின்னதாக்கு என்று நச்சரித்தாய். எல்லாக் கோடும் சரியாகத்தானே இருக்கிறது, எதை அழிக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

"வாசல் வக்கணும்ல? சொவத்த அழிச்சாத்தான புள்ள வாசலு."

தப்பைத் திருத்துவதற்குத்தான் அழிப்பது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒற்றைப் புள்ளி அளவுக்கு அதைக் குறைத்தேன். நீ பின்சுவரின் நடுவில் பூச்சியைக் கொண்டுபோய் நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியாக அழித்தாய். சுவர் திறந்தது. அந்தப் பக்கம் கறுப்பு. அதுதான் நம் சந்து.

திரையில் இருப்பதைத் தாளுக்குக் கொண்டுவர நம்மிடம் எதுவும் இல்லை. பட்டர் பேப்பர் வாங்கி வந்து திரையின் மேல் வைத்தோம். பிடிக்கவே வேண்டாம், தாள் தானாகக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. கையில் ரோமங்கள் எழுந்து நின்றன. பூச்சி வாசலை மறைத்தது. "தள்ளிப் போ" என்று அதைக் கொல்லைக்குள் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அளவுகோல் வைத்து ஒவ்வொரு கோடாக எடுத்தாய். டிவிக் கண்ணாடியின் வளைவில் வீட்டுக்கு லேசாகத் தொந்தி விழுந்தது. அதையும் அளவுகோலால் அடக்கினாய். அந்த நீல வெளிச்சத்தில் உன் முகம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. திரையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்தாய். பூச்சியையும்.

நான் பார்த்திருக்க வேண்டும். பார்த்துப் பார்த்து அது என் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.

வாப்பாவின் கடிதம் பெருநாளுக்கு முன்பே வந்தது. சந்தில் ஓடி வந்தாய். அன்றும் பாதியிலிருந்துதான் கேட்டேன்: "...பம்பாம் புள்ள, பம்பு!" கடிதத்தை வாங்கிப் படித்தேன். "படம் தெளிவாக இருக்கிறது. பின்வாசல் வைக்கலாம். கொல்லையில் கூட்டல் குறி போட்டுக் காட்டிய இடத்தில் அடிபம்பு இறக்கும்படி எஞ்சினீயருக்கு எழுதி, படத்தையும் அவருக்கு அனுப்பிவிட்டேன். தண்ணீரைப் பற்றி யோசித்தது நல்லது."

சிரித்துச் சிரித்து நீ வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாய்.

குரும்பகரத்திலிருந்து வந்த கொத்தனார் அந்த இடத்தில் நின்று தலையைச் சொறிந்தார். "வாசலுக்கு நேரா யாரும் பம்பு போட மாட்டாங்களேம்மா. ஓரமாப் போட்டாத் தேவல." கதவுக்குப் பின்னாலிருந்து நீ பேசினாய். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "பிளான்ல இருக்குல்ல? பிளான்ல உள்ளபடி போடுங்க."

நம் சந்தில் எல்லாக் கிணறும் உப்பு. பம்பை இறக்கி அடித்ததும் முதலில் சேறு வந்தது. பிறகு கலங்கல். பிறகு தெளிந்த தண்ணீர். உள்ளங்கையில் ஏந்தி நீ முதலில் குடித்தாய். என்னிடம் நீட்டினாய். உப்பு இல்லை.

அந்த வாரமே பூச்சியை மறைப்பதற்கு ஒரு விசை எழுதிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்றாய். "அது செஞ்ச வேலைக்கு அதுக்கு ஒரு வீடு கட்டித் தரணும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஒன்றரை வருடம் நீ அந்தக் கதவு வழியாக வந்தாய்.

மஞ்சள் காமாலை. பதினோரு நாள். வேலைக்கான தேர்வு எழுத நான் சென்னைக்குப் போயிருந்தேன். எனக்குத் தந்தி கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்த மாலை, உனக்கு வாங்கிய ஸ்டிக்கர் பொட்டு அட்டையோடு சந்தில் நடந்தேன். விசைகளில் இருந்தவை உதிர்ந்துகொண்டிருந்தன அல்லவா. உன் கதவு திறந்திருந்தது. பம்படியில் நான்கைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். யாரும் பேசவில்லை. அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த பிறகு உன் நானா கொத்தனாரோடு வந்தார். செங்கல் வந்து இறங்கியது. ஆள் இல்லாத வீடு, கண்டவர்களும் வந்து போகிறார்கள், பின்வாசலை அடைத்துவிடலாம் என்றார். நான் என் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பேச என்ன உரிமை?

லாத்தா பேசினார். "தாராளமா அடைங்க. அடைச்சிட்டு, நாங்க எல்லாரும் பொழங்குறதுக்குத் தண்ணிய முன்தெருவால நீங்க சொமந்துகிட்டு வந்து ஊத்துங்க. ஒரு நாளைக்கு நாப்பது கொடம். இடுப்புல வச்சுத் தூக்கத் தெரியுமா, சொல்லித் தரவா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கொத்தனார் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மெதுவாகப் பிரித்தார். மடிப்புகளில் சிமெண்டு. "அண்ணே, பெரியவரு அனுப்புன பிளானு. இதுல வாசல் இருக்குதுங்களே. அடைக்கச் சொல்லலீங்களே."

நானா தாளை வாங்கிப் பார்த்தார். "எஞ்சினீயரு போட்டதுதானே. மாத்தச் சொன்னா மாத்துவாரு."

"எஞ்சினீயரு இல்ல" என்றார் லாத்தா. "ஒங்க தங்கச்சி."

நானா அந்தத் தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். சந்தில் காற்று வந்து தாளின் ஓரத்தை அசைத்தது.

"கோடு நேரா இருக்கே" என்றார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முன்பக்கமாகப் போனார். செங்கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் அங்கேயே இருக்கிறது, பம்புக்கு அடியில் அடுக்காக. குனியாமல் குடம் வைப்பதற்குச் சரியான உயரம்.

இன்று கேசட் முடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். வீட்டில் தண்ணீர் இருந்தது, இருந்தாலும் போனேன். செங்கல் மேல் குடத்தை வைத்து அடித்தேன். உன் விரல் கடைசியாக விசையிலிருந்து எடுபட்ட இடம் அது. அங்கிருந்துதான் தண்ணீர் வருகிறது. எனக்கு வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சென்னைக்குப் போகிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன் போலிருக்கிறது.

நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். சந்து முழுக்கச் சிந்திக்கொண்டே வந்தேன்.

போகும்போது, எங்கள் கதவைத் தாண்டியதுமே பேச ஆரம்பித்திருந்தேன். உனக்குப் பாதியிலிருந்துதான் கேட்டிருக்கும்.