சரளா, உன் பூச்சிக்குப் பெயர் கிடைத்தது

என் சரளாவுக்கு,

நீ போன பிறகு பருத்திப்பட்டு ஏரிப் பக்கமே நான் போகவில்லை. நாம் சேர்ந்து நடந்த பாதையில் தனியாக நடக்க மனசு வரவில்லை. போன மாதம் போனேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்று காலை உன் வீட்டுக்காரர் முருகன் உன் போனோடு என் வீட்டுக்கு வந்தார். அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை முடித்து நேராக வந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார்.

"அக்கா, இந்தப் போனை என் தங்கச்சிக்குக் குடுத்துடலாம்னு கீறேன். உள்ள கீற படத்தையெல்லாம் அழிச்சிடட்டுமா?"

கேட்டாரே தவிர, போனைக் கையிலிருந்து விடவில்லை.

சேர்ந்து பார்த்தோம். பாதிக்கு மேல் மேஃப்ளை படங்கள். தண்ணீரில் வளர்ந்து, இறக்கை வந்தபின் சில நாள்கூட வாழாத அந்தச் சின்னப் பூச்சியை எப்படித் துரத்தினாய் நீ! ஆனால் எல்லாமே மேலிருந்து எடுத்தவை. படத்தைப் போட்டுப் பெயர் கேட்கும் இணையதளத்தில் உனக்கு வந்த பதிலும் அங்கே இருந்தது: கண்ணும் இறக்கையும் தெரிய, பக்கவாட்டில் ஒரு படம் வேண்டும். அதற்குள் நீ ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாய்.

"அப்போ கடைசி வரைக்கும் அவளுக்கு இது பேரு தெரியலியா?" என்றார்.

"தெரியலப்பா."

அந்தப் பதிலை இன்னொருமுறை படித்தார். பிறகு, "நாம்ப போய் எடுக்கலாமா அக்கா?" என்றார்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஏரிக்கரைக் கம்பிவேலியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. இரண்டு வால், மங்கலான இறக்கை. நான் குனிந்து ஒரு படம் எடுப்பதற்குள் அதன் முதுகு பிளந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். முருகன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு அக்கா, வெளிய வந்துகினு கீது!"

பழைய தோலை உதறிவிட்டு அதே பூச்சி வெளியே வந்தது. இப்போது இறக்கை கண்ணாடிபோல் இருந்தது. தலைமேல் தொப்பி கவிழ்த்ததுபோல் இரண்டு பெரிய ஆரஞ்சுக் கண்கள். இறக்கை வந்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி இது என்று நீ சொன்னபோது நான் காதில் வாங்கினேனா?

முருகன் தரையில் மண்டியிட்டு, பக்கவாட்டில் படம் எடுத்தார். பறந்து போனதும் வாய்விட்டுச் சிரித்தார். நீ போனதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை.

படங்களை உன் பெயரிலேயே தளத்தில் போட்டோம். மறுநாள் பதில் வந்தது. க்ளோயான் என்னும் பேரினம், ஆண். அதற்குள் எந்த வகை என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதாம். நீ எடுத்தவையும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கலாம் என்றார்கள். உன் படங்களில் இறக்கை மங்கலாக இருப்பதற்குக் காரணம், அவை கடைசித் தோலை இன்னும் உரிக்காதவை.

"பாதிப் பேருதான் கெடச்சிகீது. மீதியையும் கண்டுபுடிக்கணும்," என்கிறார் முருகன். தங்கச்சிக்கு வேறு போன் வாங்கிக் கொடுத்துவிட்டார். லீவு நாளில் விடிந்ததும் அவரே வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். நடந்துவிட்டு வந்து, என் வீட்டில் இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிடுகிறார்.

அவரைத் தனியாக விடமாட்டேன், சரளா. ஏரியையும் விடமாட்டேன்.

உன்னோடு பிறக்காத அக்கா,
தேவகி