முத்திரை குத்தாத காகிதம்

தோயாமா
ஏப்ரல் 2

அன்புள்ள நெஸ்டருக்கு,

மைலீன் எழுதுவது. நான் சௌக்கியம். நீ, நம் குழந்தை ஜனெல், உன் தங்கை வில்மா எல்லோரும் நலம்தானே? போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் முக்கியமான பேச்சை எடுத்தால் "உன் இஷ்டம்"னு சொல்லிவிட்டு, குழந்தை கையில் போனைக் கொடுத்துவிட்டு நழுவிவிடுகிறாயே, அதனால்தான். கடிதத்தை யார் கையிலும் கொடுக்க முடியாது, நீதான் படித்தாக வேண்டும்.

முக்கியமான பேச்சு எது என்று உனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் என் மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருடத்துக்குப் புதுக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் அதில் கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு வந்துவிட வேண்டும். உன்னிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

அது இருக்கட்டும், என் பிறந்தநாள் கூத்தைக் கேள். நம் ஊரில் பிறந்தநாள்காரிதானே ஊருக்கெல்லாம் சாப்பாடு போடுவாள்? முதல் வருடம் அன்று எனக்கு விடுமுறை, போன வருடம் காய்ச்சல். இந்த வருடமாவது செய்வோம் என்று நினைத்தேன். வீட்டில் சமைத்ததை இல்லத்துக்குள் விடமாட்டார்கள். அதனால் ரயில் நிலையத்துக் கடையில், தனித்தனியாகக் காகிதம் சுற்றிய இனிப்பு ஒரு பெட்டி வாங்கினேன். காலையில் ஒவ்வொருவரிடமும் போய்க் குனிந்து, உங்கள் தயவில் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி ஆளுக்கொன்று கொடுத்தேன்.

எல்லோர் முகமும் செத்துவிட்டது. இந்த ஊரில் பிறந்தநாளுக்கு யாரும் இனிப்புக் கொடுப்பதில்லையாம். வேலை வருடம் முடிகிற மார்ச் கடைசியில் இப்படி இனிப்போடு வந்து குனிந்தால் ஒரே அர்த்தம்தான், வேலையை விட்டுப் போகிறாள். இந்த மரமண்டைக்கு அது உறைக்கவே இல்லை. இவர்களும் வாய்விட்டுக் கேட்கிற ஆட்கள் இல்லை.

மத்தியானம்தான் புரிந்தது. எங்கள் தலைமைச் செவிலி ஓகுமுரா அம்மா என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, "நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா? நேரா என்கிட்ட சொல்லியிருக்கலாமே"ன்னு கண் கலங்கக் கேட்டார். என்னோடு வேலை பார்க்கும் சவதா, "சொல்லாம கொள்ளாம கிளம்பிடலாம்னு பாத்தியாடி? இனிமே நான் யார்கிட்ட ஷிஃப்ட் மாத்திக்கிறது?"ன்னு சண்டைக்கே வந்துவிட்டாள். ஹொரிதா தாத்தாவுக்கு நான்தான் சோறு ஊட்டுவேன், மற்றவர்கள் ஊட்டினால் பாதியைத் துப்பிவிடுவார். அவர் அன்று கரண்டியைத் தட்டிவிட்டு, "போறவ கையால எனக்கெதுக்குச் சோறு? எடுத்துட்டுப் போ"ன்னு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, நெஸ்டர். சாயங்காலம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். போகாதே என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்பது அவ்வளவு இனிப்பாக இருந்தது. வெட்கம்தான், ஆனாலும் உன்னிடம் மறைக்கவில்லை.

நாலு மணிக்கு வாசலில் பூங்கொத்தோடு வரிசையாக நின்றார்கள். அதற்கு மேல் தாங்கவில்லை, இன்று என் பிறந்தநாள், அவ்வளவுதான் என்று போட்டு உடைத்துவிட்டேன். ஓகுமுரா அம்மா செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலிக்கும் மட்டும் சிரித்தார். சவதா, "அந்தப் பூவை இப்படிக் குடுடி, நாங்க காசு போட்டு வாங்கினது"ன்னு பிடுங்கப் பார்த்தாள். ஹொரிதா தாத்தா இரவுச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டார் என்று மறுநாள் சொன்னார்கள்.

சிரித்து முடித்ததும் ஓகுமுரா அம்மா, "அப்போ காகிதத்துல முத்திரை குத்திடுவேல்ல?"ன்னு கேட்டார். சரி என்று தலையாட்ட என்னால் முடியவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். ரத்த சம்பந்தமில்லாத பதினோரு பேர் என்னைப் போகாதே என்கிறார்கள். வா என்று சொல்ல வேண்டியவன் உன் இஷ்டம் என்கிறான். நான் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, ஜனெல் கடைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற வில்மாவிடம் கேட்டாள். வில்மாவைக் குறை சொல்லவில்லை, வளர்ப்பவள் அவள்தானே. நான் வந்தால் வீட்டில் எனக்கு என்ன வேலை இருக்கும் என்று பயமாக இருக்கிறது. உனக்கும் அதே பயம் என்றால் சொல், இரண்டு பேருமாகப் பயந்துகொள்வோம்.

ஜனெலின் பல் விழுந்த படம் பார்த்தேன், கொள்ளை அழகு. பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடு. உன் முதுகு வலிக்குத் தைலப் பட்டை அனுப்பியிருக்கிறேன், ஜீப் ஓட்டப் போவதற்கு முன்பு ஒட்டிக்கொள். இங்கே குளிர் இன்னும் விடவில்லை.

பதிலை ஒரு தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்பினால் போதும். வா என்று எழுதினால் அடுத்த விமானத்தில் வருகிறேன். அங்கேயே இரு என்று எழுதினாலும் சரி, நாலு நாள் அழுதுவிட்டு முத்திரையைக் குத்திவிடுவேன். உன் இஷ்டம் என்று மட்டும் எழுதிவிடாதே, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். மூன்று பேர் என்று தானாகவே கை எழுதிவிட்டது, பார். நான் அதை அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். நாலு பேர் என்றால் நீயே திருத்தி அனுப்பு.

உன்
மைலீன்