கவிழ்ந்திருக்கும் தம்ளர்

இதை யார் எடுத்தாலும் சித்தப்பாவிடம் காட்டிவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். இது என் அப்பாவுக்கு எழுதுவது.

அப்பா, நம் சாப்பாட்டு வேனின் சாவி என் மடியில் இருக்கிறது. இன்னும் வெங்காயமும் மண்ணெண்ணெயும் மணக்கிறது. காலையில் வேனை வாங்கப் பென்னாகரத்து ஆள் வருகிறார். சாயங்காலம் முழுக்கச் சித்தப்பா சாவியைத் தேடினார்.

தொப்பூர் கணவாயில் இறங்கும் முன்னும் ஏறி வந்த பிறகும் லாரிகள் நம் வேனருகே நிற்கும். பஞ்சாபுக்கும் குஜராத்துக்கும் கேரளாவுக்கும் போகிறவை. வாடிக்கை டிரைவர்களுக்கு ஆளுக்கொரு தம்ளர், பெயின்ட் பொட்டு வைத்து. ஓடும் லாரிக்குப் போன் ஏது? ஒருவருக்கு வீட்டுச் சேதி இருந்தால், வழியில் வரும் இன்னொரு டிரைவர் உங்களிடம் சொல்லிவிட்டுப் போவார். உடனே அவருடைய தம்ளரைக் கவிழ்த்து வைப்பீர்கள். வந்ததும் எல்லோரும் தம்ளர் தட்டைத்தான் பார்ப்பார்கள். சேலத்து டிரைவர் ஒருவர், "என் தம்ளரு எப்பவும் நிமுந்தேதான் நிக்குது. வூட்ல என்னய மறந்துட்டாங்களாட்ட இருக்குது" என்பார்.

கவிழ்ந்ததைப் பார்த்து யார் பதறினாலும் நீங்கள் உடனே சொல்ல மாட்டீர்கள். "வெறும் வயித்துல யாருக்கும் சேதி சொல்லக்கூடாது, கண்ணு" என்பீர்கள் என்னிடம். சாப்பிட்டதும் சொல்லிவிட்டுத் தம்ளரை நிமிர்த்தி வைப்பீர்கள்.

அன்றும் அப்படித்தான். சிவப்புப் பொட்டுத் தம்ளருக்குரிய பஞ்சாப் டிரைவர் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களாம். அவரே உங்களை லாரியில் ஏற்றித் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எல்லாம் முடிந்ததும், தன் சேதியைக் கேட்காமலே அம்மாவைக் கும்பிட்டுவிட்டுக் கொச்சிக்குப் போய்விட்டார். பிறகுதான் நினைவு வந்து நான் வேனுக்குப் போய்ப் பார்த்தேன். சிவப்புப் பொட்டு இன்னும் கவிழ்ந்தே இருந்தது.

அந்தப் பஞ்சாப் டிரைவருடைய அம்மா சாகக் கிடக்கிறார், வேறு லோடு ஏற்றாமல் நேராக ஊருக்கு வரவேண்டும் என்று இன்னொரு லாரியில் வந்த அவர் தம்பி சொல்லிப் போனதை, முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தீர்கள். கொச்சியிலிருந்து திரும்பி வரும்போது, வேன் அங்கே நின்றால்தான் அவர் நிற்பார்.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவரும் ஓய்ந்துபோயிருக்கிறார். "பேரு கூட தெரியாத லாரிக்காரனுக்காவ வண்டிய நிறுத்தி வெக்கறதா? உங்கப்பாவே போயிட்டாரு."

பயமாக இருக்கிறது அப்பா. அழக்கூடத் தெம்பில்லை. அன்று ஒரு நாள் மட்டும் நீங்கள் முதலில் சொல்லியிருக்கலாம். அவர் திரும்பி வரும்வரை சாவியைத் தரமாட்டேன். நான் அவர் லாரி நின்றதுமே சொல்லிவிடுவேன். ஆனால் வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டேன். சப்பாத்தியைப் பொட்டலம் கட்டி அவர் கையில்

கதவைத் தட்டுகிறார்கள். சித்தப்பா குரல்.