மலைக் கோயிலின் மூன்றாவது சுற்று

சித்தி,

இன்று பள்ளிக்கூடத்தில், மார்கழி இருட்டில் வரும் லூசியா புனிதையின் ஒளி ஊர்வலம். வெளியே இன்னும் விடியவில்லை. வெள்ளை அங்கி போட்ட சின்ன வகுப்புப் பிள்ளைகள் மெழுகுதிரிகளோடு மண்டபத்துக்குள் வந்தார்கள். தேன்மெழுகு உருகும் வாசம் வந்ததும் பாட்டு என் காதில் விழவில்லை. நினைவில், அந்தக் கிரேக்கத் தீவின் மலையில் உங்கள் பின்னால் படியேறிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடை விடுமுறையில் அப்பாவும் அம்மாவும் கடற்கரையை விட்டு அசையவில்லை. மலை உச்சியில் உள்ள பழைய தேவாலயத்துக்கு நோயாளிகள் நூற்றாண்டுகளாக வருகிறார்கள் என்று எங்கள் ஊர் புருசெத் நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் படித்திருந்தேன். உங்கள் நுரையீரல் சுகமாக வேண்டும் என்று நீங்கள் அங்கே கேட்கவேண்டும். அதற்காகத்தான் உங்களைக் கூட்டிப்போனேன். ஏறும்போதே அதன் வரலாறு முழுவதையும் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

"மூச்சு விட்டுக் கதை பிள்ளை. வருத்தக்காரி நானோ நீயோ?" என்றீர்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றினீர்கள். உள்ளே, தேன்மெழுகு வாசத்தில், புனிதர்களின் படங்கள் நிறைந்த மரத்தடுப்பின் முன்னால் கும்பிட்டீர்கள். பிறகு பழக்கத்தில், சுற்றி வருவதற்காகத் தடுப்பின் பின்னால் போகப் பார்த்தீர்கள். கறுப்பு உடுப்புப் போட்ட காவல்கார மூதாட்டி அவசரமாக வந்து இரண்டு கைகளையும் விரித்து மறித்தார். எனக்கு வெட்கத்தில் முகம் சுட்டது.

"சித்தி, அங்கை குருவானவர் மட்டும்தான் போகலாம்."

"ஓம், எங்கடை கோயிலிலையும் ஐயர்தானே உள்ளுக்கை. அதுக்காகச் சுத்தாமல் போறதே?"

வெளியே வந்து, சுவருக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஓடிய ஒற்றையடிப் பாதையில் வெறுங்காலோடு சுற்றத் தொடங்கினீர்கள். இரண்டாவது சுற்றிலேயே மூச்சு இரைத்தது. "இருங்கோ சித்தி" என்று கெஞ்சினேன். நீங்கள் கேட்கவில்லை. அந்த மூதாட்டி நொண்டி நொண்டி வந்தார். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது சுற்றை உங்களோடு நடந்தார்.

இறங்கும்போது, "நுரையீரலுக்கு வடிவாக் கேட்டனீங்களோ?" என்றேன்.

"அட, மறந்துபோனன். அந்த மனிசிக்கு முழங்கால் ஏலாது, பாவம். அதுக்குத்தான் கேட்டனான்."

திரும்பும் வழியெல்லாம் கோபத்தில் உங்களுக்கு முன்னாலேயே நடந்தேன். அடுத்த பனிக்காலம் முடியுமுன் நீங்கள் போய்விட்டீர்கள். நீங்கள் உங்களுக்காகக் கேட்டிருந்தால் என்ற நினைப்பு நெடுநாள் என்னை விடவில்லை.

இப்போது கோயிலில் கும்பிட்டாலும், பள்ளிச் சோதனைக்கு முன் கண்ணை மூடினாலும், முதலில் பக்கத்தில் இருப்பவருக்கு ஏதாவது கேட்கிறேன். பிறகுதான் எனக்கு. சில நாட்களில் என்னுடையது மறந்தும் போகிறது. மறந்த அன்று மனம் லேசாக இருக்கிறது.

நீங்கள் கேட்டது கிடைத்ததா என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆனால் அந்த மூதாட்டி நோவில்லாமல் படியிறங்கிக் கடலைப் பார்க்கப் போகிறார் என்றே நம்புகிறேன்.