ஏழாவது துண்டு

ஆத்தங்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் வேல்பாண்டிக்கு, அம்மா நாச்சியார் சொல்லச் சொல்ல உன் தங்கை சந்திரலேகா எழுதுவது. நானும் அப்பாவும் இவளும் நலம், என் வலது கை மட்டும் இப்போதுதான் நலத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. அங்கே உன் நலத்தையும், எங்களுக்குத் தெரியாமல் நீ மறைத்து வைத்திருக்கிற தொடைக் கட்டியின் நலத்தையும் உடனே அறிய வேண்டும். (அண்ணே, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான், லேகா. அம்மாவின் மூக்குக்கண்ணாடியை ஒளித்து வைத்துவிட்டேன், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.) போனில் கேட்டால் ஒன்றுமில்லம்மா, மாத்திரை போட்டிருக்கேன் என்று வைத்துவிடுகிறாய். சார்ஜாவில் உன் அறையிலேயே இருக்கிற வீரையா லீவில் வந்தவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். எட்டுப் பேர் இருக்கிற அறையில் மூன்று பேருக்குக் கட்டியாம், நீ நொண்டிக்கொண்டே வேலைக்குப் போகிறாயாம், ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரையை மூவரும் பங்கு போட்டுக்கொள்கிறீர்களாம். அதனால்தான் கடிதம். போனை வைத்துவிடலாம், இதை வைக்க முடியாது, திரும்பி வருகிற வீரையா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், நீ படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த மாத்திரையின் கதையை முதலில் கேள். போன வருடம் கிளம்பும்போது மருந்துக்கடையில் டாக்டர் சீட்டில்லாமல் கட்டுக் கட்டாகக் கேப்சூல் வாங்கி, பெட்டி எடை கூடிவிட்டது என்று நாலு அட்டையை வைத்துவிட்டுப் போனாயே, அதை நான் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். நான் வேலை பார்க்கிற தரை ஓட்டுப் பட்டறையில் யாருக்குக் கட்டி வந்தாலும் நான்தான் டாக்டர். இரண்டு கொடுப்பேன், வலி குறைந்ததும் நிறுத்திவிடு, மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடு என்பேன். (இலக்கணத்தில் நெடிலுக்குத்தான் இரண்டு மாத்திரை. அம்மா வைத்தியத்தில் குறில் கட்டி, நெடில் கட்டி எல்லாவற்றுக்கும் இரண்டு மாத்திரை.) போன மாதம் ஓடு வார்க்கிற கண்ணாடியின் விளிம்பு கீறி என் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கட்டி. டின்னைத் திறந்து இரண்டு, நாலு, ஆறு என்று போட்டேன், கட்டி எலுமிச்சங்காய் அளவு ஆகி முழங்கை வரை சிவந்து குளிர்காய்ச்சலும் வந்துவிட்டது. காரைக்குடியில் டாக்டரம்மா கீறிச் சீழை எடுத்து, கொஞ்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் வந்த தாளில் மருந்துகளின் பெயர் வரிசையாக இருந்தது, எது கேட்கும் எது கேட்காது என்று பக்கத்தில் குறி. உன் கேப்சூல் கேட்காது. அதற்கு அடுத்ததும் கேட்காது. (என் கணக்குத் தாளில்கூட இத்தனை தப்பு கிடையாது.) இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா வெரலு போயிருக்கும் என்று திட்டிவிட்டு, அரைகுறையா அடி வாங்குன கிருமி சாகாதும்மா, அந்த மருந்தச் சமாளிக்கக் கத்துக்கிட்டு அடுத்த ஆளுக்குத் தாவிரும் என்றார். கேட்கிற மருந்தாகப் பார்த்து எழுதிக் கொடுத்ததைப் பத்து நாளும் ஒரு வேளை விடாமல் சாப்பிட்டேன்.

உங்கள் இடத்தில் ஒரே துணியைப் பலர் பயன்படுத்துகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். பட்டறைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குமே ஒரு துண்டு, ஓடு வார்க்கிற கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாங்கள் ஆறு பொம்பளைகளும் அதில்தான் கை துடைப்போம். அது சும்மா வந்த துண்டு இல்லை. முன்பெல்லாம் எங்களோடு வேலை செய்கிற அம்மாக்கண்ணுக்கும் அவள் தெருக்காரிகளுக்கும் தனி டம்ளர், தனித் துணி. ஒரு நாள் அவள் அந்தத் துணியை உருவி எறிந்துவிட்டு எங்கள் துண்டில் கை துடைத்தாள், எல்லாரும் பார்க்க நான் அதே துண்டில் முகம் துடைத்தேன், அன்றிலிருந்து ஒரே துண்டு. இப்போது அவளிடம் போய்த் தனித் துண்டு என்று எந்த வாயால் சொல்வது?

பட்டறை முதலாளி முத்தரசு வேறு, கை என்னான்னு கேட்டா சிமெண்டு ஒத்துக்கலைன்னு சொல்லிருங்க, வெளிநாட்டுக்காரங்க வேடிக்கை பாக்க வர்ற எடம், கட்டி கிட்டின்னு வாயத் தொறக்காதீக என்றார். வாயைத் திறக்காதே என்றால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியாதா. (வாயைத் திற என்றாலும் அம்மா அதையேதான் செய்யும்.) மறுநாள் கட்டுப் போட்ட கையோடு போய், ஒரு வேன் நிறைய வந்து நின்றவர்கள் முன்னாலேயே சொன்னேன், எனக்கு வந்தது மருந்து கேட்காத கட்டி, நான் கொடுத்த ரெண்டு ரெண்டு மாத்திரையும் இந்தத் துண்டும் சேர்ந்துதான் வளர்த்திருக்கும், இனி யாரும் என் துண்டைத் தொடாதீர்கள் என்று. வாசல் பக்கம் ஓர் ஆணி அடித்து என் துண்டை மாட்டினேன். அம்மாக்கண்ணு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள், மறுபடி ஆரம்பிச்சிட்டியா நாச்சியா என்று. தள்ளி வச்சது என்னையத்தான், ஒன்னைய இல்ல என்றேன். அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு போய்விட்டாள், மூன்று நாளும் முந்தானையில்தான் துடைத்தாள்.

நாலாம் நாள் போனால் தொட்டிக்குப் பக்கத்தில் ஆறு ஆணி. தன் கண்டாங்கிச் சேலை ஒன்றைச் சமமாகக் கிழித்து ஓரம் அடித்து மாட்டியிருக்கிறாள், ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே மட்டம், அடையாளத்துக்கு மூலையில் மட்டும் ஆளுக்கு ஒரு நூல். வாசலில் நான் அடித்த ஆணியைப் பிடுங்கிவந்து அவள் ஆணிக்குப் பக்கத்திலேயே அடித்திருக்கிறாள். தனியா இருக்கட்டும், அதுல ஒசத்தி தாழ்த்தி மட்டும் வந்துச்சு, எல்லாத்தையும் கொளுத்திப்புடுவேன் என்றாள். முத்தரசு ஆணிகளைப் பிடுங்கச் சொன்னார், பிடுங்க ஓர் ஆள் கிடைக்கவில்லை. தினமும் சாயங்காலம் அவரவர் துண்டை அவரவரே வெந்நீரில் அலசி, மறுநாள் காலை வெயிலில் காயவைத்து மாட்டுகிறோம். பிஸ்கட் டின்னில் இப்போது பிஸ்கட்தான் இருக்கிறது. (இருந்தது.)

நீ என்னடாவென்றால் போன் போடும்போதெல்லாம் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்கிறாய். விட மாட்டேன். நீதான் விட வேண்டும், அந்தப் பங்கு மாத்திரையை. ஒரே துண்டு, ஒரே பிளேடு, எட்டுப் பேரும் அண்ணன் தம்பி மாதிரி என்று பெருமையாகச் சொல்வாய், நானும் அப்படிப் பெருமைப்பட்டவள்தான் ஐயா. கட்டியைப் பிதுக்காதே, துணி வைத்து மூடிக் கட்டு, அந்த மூன்று பேரும் சேர்ந்து டாக்டரிடம் போங்கள், சீழைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். லீவு கேட்டால் மேஸ்திரி கத்துவான் என்றால் கத்தட்டும், உன் காலைவிட அவன் கத்தல் பெரிதில்லை.

இதோடு என் பரிசோதனைத் தாளின் நகலும், சேலையில் மிஞ்சிய ஏழாவது துண்டும் வைத்திருக்கிறேன். ஒம் மகனும் ஒரு ஆணி அடிக்கட்டும் என்று அம்மாக்கண்ணுதான் ஓரம் அடித்துக் கொடுத்தாள், மூலையில் சிவப்பு நூல் உன்னுடையது. அதை ஆணியில் மாட்டிப் படம் எடுத்து அனுப்பு, டாக்டர் எழுதின சீட்டையும் சேர்த்து. வராவிட்டால் நான் முத்தரசிடம் லீவு சொல்லிவிட்டு அடுத்த விமானத்தில் வந்து உன் கூட்டாளிகள் முன்னாலேயே தொடையைப் பார்ப்பேன். இரண்டு காலும் திடமாக நின்று, தீர்க்காயுசாக, நல்லபடியாக வந்து சேர் என் ராசா.

(கைநாட்டு வை என்று மை டப்பாவை நீட்டினேன், அம்மா முறைத்துவிட்டு இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போடுகிறது. அதற்காக மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. மேலேயிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டது. நான் ஓடுகிறேன் அண்ணே.)

உன் அம்மா,
நாச்சியார்